அகலக்கால் வைக்காதே, பாப்பா!

“ஓடுறதுக்குமா டீச்சர் கிளாஸ் எடுப்பாங்க?”

27 வருடங்களாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் கணக்கு வாத்தியார்கள்தான் கேட்பார்கள், அதுவும் என் பி.டி. பீரியடைக் கடன் வாங்க வரும்போது. நீச்சலுக்குக் கோச் வேண்டும், செஸ்ஸுக்குக் கோச் வேண்டும் என்றால் யாரும் மறுப்பதில்லை. ஓட்டம் மட்டும் பிறவியிலேயே வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. துரத்த ஒரு நாய் இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்பார்கள்.

அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை ஓடுவதைப் பாருங்கள். யாரும் சொல்லித் தராமலே அழகாக ஓடும். தோள் தளர்ந்திருக்கும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும், கை தன்பாட்டுக்கு ஆடும். அதே குழந்தை பதினெட்டு வயதில் ஓடும்போது அதெல்லாம் எங்கே போகிறது? அதைத் தேடி எடுத்துத் தருவதுதான் என்னைப் போன்றவர்களின் வேலை.

இந்த வருடம் அந்த வேலை என் வீட்டுக்குள்ளேயே வந்தது.

என் தங்கை மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். வயது 22. மத்திய காவல் படைகளுக்கான ஜி.டி. கான்ஸ்டபிள் எழுத்துத் தேர்வில் இரண்டாவது முறையாகத் தேறியிருந்தாள். அடுத்து உடற்தகுதித் தேர்வு. பெண்கள் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். (ஆண்களுக்கு 5 கிலோமீட்டர், 24 நிமிடம்.) இதற்கு மதிப்பெண் கிடையாது. உள்ளே, அல்லது வெளியே. அவ்வளவுதான்.

போன முறை அவள் வெளியே. விசில் அடித்தபோது ஓட வேண்டிய தூரம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ஒன்றரை வருடம் உட்கார்ந்து படித்த படிப்பு அந்தக் கொஞ்ச தூரத்தில் போனது.

அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். “இந்த ஒரு தடவை பார்க்கலாம். இல்லைன்னா சாத்தூர்ல இருந்து ஒரு இடம் வந்திருக்கு, பேசி முடிச்சிரலாம்” என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய கணக்கு அவருக்கு. தங்கை எனக்கு போன் செய்து, “யக்கா, நீ ஊருக்கெல்லாம் ஓட்டம் சொல்லித் தர்றியே, இவளை ஒரு கை பாரேன்” என்றாள். கையில் இருந்தது 11 வாரம்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு எங்கள் பள்ளி மைதானத்துக்கு வந்தாள். 200 மீட்டர் சுற்று, செம்மண் தரை. எட்டுச் சுற்று ஓடச் சொன்னேன். 9 நிமிடம் 5 விநாடி. வந்து குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு மேல என் காலு போகாது பெரிம்மா” என்றாள்.

கால் போகிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்று சொல்லி, இரண்டு செங்கல்லை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். ஸ்லோமோஷன் வீடியோ. போனுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் தெரியும்படி இரண்டு முறை ஓடச் சொன்னேன். இந்த வசதி எல்லாம் நான் ஓடிய காலத்தில் கிடையாது. இன்று எல்லார் கையிலும் இருக்கிறது, ரீல்ஸ் எடுக்க மட்டும் பயன்படுகிறது.

வீடியோவை மெதுவாக நகர்த்தி, பாதம் தரையைத் தொடும் அந்த ஒரு நொடியில் நிறுத்தினேன். முழங்கால் கம்பு மாதிரி நேராக நீட்டியிருந்தது. குதிகால் இடுப்புக்கு ஓர் அடிக்கு மேல் முன்னால் போய்க் குத்தியிருந்தது. உடம்பு பின்னால், கால் முன்னால்.

“யார் உனக்கு இப்படி ஓடச் சொன்னது?”

“போன வருஷம் கோச்சிங்ல. நல்லா எட்டி வை, பெரிய ஸ்டெப்பா போடு, அப்பத்தான் தூரம் சீக்கிரம் கழியும்னு சொன்னாங்க.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஓர் அடியில் அதிக தூரம் போனால் சீக்கிரம் முடியும் அல்லவா? ஆனால் காலை உடம்புக்கு வெகு முன்னால் கொண்டுபோய் நேராகக் குத்தும்போது, அந்தக் கால் உடம்பை முன்னே இழுப்பதில்லை. தடுக்கிறது. சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தபடி பெடல் மிதிப்பது மாதிரி. ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் வேகத்தை இழந்து, இழந்ததைத் திரும்பச் சம்பாதித்து, மறுபடி இழந்து. மூச்சு எல்லாம் அதிலேயே போய்விடும். அந்த அதிர்ச்சி முழுவதையும் வாங்கிக்கொள்வது முழங்காலும் முன்னங்காலெலும்பும். பாப்பாவுக்கு போன வருடம் முழுக்க முன்னங்காலில் வலி இருந்ததாம். எண்ணெய் தேய்த்துச் சமாளித்திருக்கிறாள்.

அகலக்கால் வைக்காதே என்று வீட்டுப் பெரியவர்கள் கடன் வாங்குவதைப் பற்றிச் சொல்வார்கள். ஓட்டத்துக்கும் அதையேதான் நான் சொல்வேன்.

“அப்போ சின்னச் சின்னதா ஓடினா இன்னும் லேட் ஆகாதா?” என்றாள். எம்.எஸ்ஸி. கணிதம் படித்த பெண். கணக்கிலேயே பதில் சொன்னால்தான் நம்புவாள் என்று தோன்றியது.

மறுபடி ஓடச் சொன்னேன். 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் விழுகிறது என்று மட்டும் எண்ணினேன். 39. அதை நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு 156 காலடி. 9 நிமிடம் 5 விநாடிக்கு மொத்தம் சுமார் 1,417 காலடி. 1,600 மீட்டரை அதால் வகுத்தால் ஒரு காலடி கிட்டத்தட்ட 113 சென்டிமீட்டர்.

இப்போது அதே ஓட்டத்தை 8 நிமிடம் 30 விநாடியில் முடிக்க வேண்டும். 30 விநாடியில் வலது கால் 39-க்குப் பதில் 43 முறை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 172. மொத்தம் 1,462 காலடி. ஒரு காலடி எவ்வளவு வருகிறது? சுமார் 109 சென்டிமீட்டர்.

செம்மண் தரையில் குச்சியால் எழுதி வகுத்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள். “பெரிம்மா, ஸ்டெப்பு மூணரை சென்டிமீட்டர் குறையுது. ஆனா 35 விநாடி முன்னாடி வந்துடறேன்!”

அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்லித் தரவில்லை.

இந்தக் காலடி எண்ணும் பழக்கம் என் கண்டுபிடிப்பு இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் உட்கார்ந்து ஓட்டக்காரர்களின் காலடிகளை எண்ணினார். 800 மீட்டர் முதல் மாரத்தான் வரை, ஏறக்குறைய எல்லோரும் நிமிடத்துக்கு 180-ம் அதற்கு மேலும் வைத்தார்கள். அன்று முதல் 180 என்பது ஒரு மந்திரம் மாதிரி பரவிவிட்டது. வாட்ஸ்அப்பில்கூட வருகிறது. அது மந்திரம் இல்லை. அவர் எண்ணியது உலகத்தின் தலைசிறந்த கால்களை, அதுவும் போட்டி வேகத்தில். உயரமானவருக்குக் குறையும், மெதுவாக ஓடும்போது குறையும். நீங்கள் இப்போது வைக்கும் எண்ணிக்கையிலிருந்து ஐந்து சதவீதம் கூட்டிப் பாருங்கள், உடம்பு பழகியதும் இன்னும் கொஞ்சம். அவ்வளவு போதும். முழங்கால் வலியோடு காலையில் ஜாகிங் போகிற ஐம்பது வயதுக்காரர்களுக்கும் இதையேதான் சொல்வேன். காலடியைக் கொஞ்சம் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் முழங்காலில் விழும் சுமை குறைகிறது என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன.

அந்த 1984 ஒலிம்பிக்கை நான் மறக்க இன்னொரு காரணமும் விடாது. அப்போது எனக்கு 12 வயது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 விநாடி. வெண்கலம் வாங்கியவர் 55.41. நூறில் ஒரு விநாடி! தலையோ காலோ முதலில் போவது கணக்கில்லை, நெஞ்சும் வயிறும் இருக்கும் நடு உடம்பு கோட்டைத் தொட வேண்டும் என்பது விதி என்று அப்பா பேப்பரைப் பார்த்துச் சொன்னார். ஓடுவதில் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதற்கும் விலை உண்டு என்று எனக்கு முதலில் தெரிந்தது அன்றுதான்.

சரி, பாப்பாவுக்கு வருகிறேன்.

39-ஐ 43 ஆக்குவது என்று சொல்வது சுலபம். “காலை வேகமா மாத்து” என்று கத்தினால் எந்தப் பிள்ளையும் இரண்டு சுற்றில் மூச்சுத் திணறி நின்றுவிடும். முதலில் போனில் மெட்ரோனோம் ஆப் போட்டேன். பாட்டு வகுப்பில் தாளத்துக்கு வைப்பார்களே, அதுதான். நிமிடத்துக்கு 164 தட்டு. அந்தத் தட்டுக்கு நின்ற இடத்திலேயே கால் மாற்றச் சொன்னேன். பிறகு மெதுவாக முன்னே நகரச் சொன்னேன். வேகம் வேண்டாம், தட்டு தவறக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் வீதம் ஐந்தாறு தடவை. மூன்றாவது வாரம் தட்டு இல்லாமலே 41 வந்தது.

இரண்டாவது வாத்தியார் கண்மாய்க்கரை. எங்கள் ஊர்க் கண்மாய்க்குக் கரையேறும் சரிவு ஒன்று இருக்கிறது, முப்பது மீட்டர் இருக்கும். வாரத்துக்கு இரண்டு நாள் அதில் எட்டு முறை ஏறி ஓடி, நடந்து இறங்க வேண்டும். மேட்டில் ஓடும்போது அகலக்கால் வைக்கவே முடியாது. வைத்தால் கால் போகாது. முழங்கால் தானாக உயரும், பாதம் தானாக உடம்புக்குக் கீழே விழும், உடம்பு கணுக்காலிலிருந்து லேசாக முன்னே சாயும். நான் வாயால் சொன்னால் இடுப்பை மடித்துக் கூன் போடுவாள். மேடு சொன்னால் சரியாகச் செய்தாள்.

மூன்றாவதாக அவள் ஜடை. இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. பின்னாலிருந்து பார்த்தால் அவளுடைய நீள ஜடை ஒவ்வோர் அடிக்கும் துள்ளி முதுகில் அடிக்கும். அத்தனை உயரம் அவள் எம்புகிறாள் என்று அர்த்தம். முன்னே போக வேண்டிய சக்தி மேலே போகிறது. காலடி எண்ணிக்கை கூடக் கூட ஜடையின் ஆட்டம் அடங்கியது. செம்மண்ணில் தொம் தொம் என்று கேட்ட சத்தமும் குறைந்தது. கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை வைத்தே, இன்றைக்கு யார் ஒழுங்காக ஓடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இடையில் ஒரு நாள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தாள். யூடியூபில் யாரோ, குதிகால் தரையிலேயே படக் கூடாது, நுனிப்பாதத்தில்தான் ஓட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டு மூன்று நாள் அப்படியே ஓடியிருக்கிறாள். நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்கு அது சரி. நீண்ட தூரம் ஓடுகிறவர்களில் நிறையப் பேருக்குக் குதிகால்தான் முதலில் படும், அதில் தப்பில்லை. பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, அது உடம்புக்கு எவ்வளவு முன்னால் போய்ப் படுகிறது என்பதே முக்கியம். பாதம் விழும் விதத்தை ஒரே நாளில் மாற்றினால் முழங்காலுக்கு இருந்த சுமை அப்படியே கெண்டைக்கும் குதிகால் நரம்புக்கும் மாறிப் போகும். நான்கு நாள் ஓய்வு கொடுத்தேன். 11 வாரத்தில் நான்கு நாள். எரிச்சலாகத்தான் இருந்தது.

கால் ஒருவழியாகச் சரியாகிக்கொண்டு வந்தது. ஆனால் மேலே ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே எழுத நினைத்தேன்.

பாப்பா தோளைக் காதுவரை தூக்கி, முதுகைக் கூனி, இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு ஓடுவாள். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கை முன்னும் பின்னும் ஆட வேண்டும். வலமும் இடமுமாக ஆடினால் உடம்பே திருகும், திருகுகிற உடம்பை நேராக்கவே பாதிச் சக்தி போகும். நெஞ்சு ஒடுங்கியிருந்தால் மூச்சும் முழுசாக இறங்காது. இதை எல்லாம் சொன்னேன். வேப்பிலை ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள், கசங்கவும் கூடாது, விழவும் கூடாது என்றேன். முஷ்டி தளர்ந்தால் தோளும் தளரும் என்பதற்காக. இலை கசங்கவில்லை. தோள் மட்டும் இறங்கவே இல்லை.

பிறகுதான் கவனித்தேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஐந்தரை மணி இருட்டில் அந்தத் தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆறே காலுக்கு காம்பவுண்டு சுவரில் பையன்கள் வந்து உட்கார்ந்ததும் ஏறிக்கொள்ளும்.

அது ஓட்டத்தின் பழுது இல்லை. பத்து வயதிலிருந்து நாம் சொல்லிச் சொல்லிப் பழக்கியது. ஷாலை ஒழுங்காப் போடு. குனிஞ்சு நட. நெஞ்சை நிமித்திட்டு என்ன நடை? தங்கையும் சொல்லியிருப்பாள், எங்கள் அம்மா எங்களுக்குச் சொன்னதைத்தான். பன்னிரண்டு வருடம் நெஞ்சை மறைக்கப் பழகிய கைகளை, பதினோரு வாரத்தில் “முன்னும் பின்னும் ஆட்டு” என்றால் எப்படி ஆடும்? சட்டைக்குள் இறுக்கமாக இரண்டு உள்ளாடை, மேலே டி-ஷர்ட், அதற்கு மேல் பின் குத்திய ஷால். அதோடுதான் ஒரு வருடம் முழுக்க ஓடியிருக்கிறாள். மூச்சு எங்கிருந்து வரும்?

அடுத்த நாளே கடைக்குக் கூட்டிப்போனேன். ஸ்போர்ட்ஸ் பிரா என்று கேட்டதும் கடைப் பையன் உள்ளே இருந்த அக்காவைக் கூப்பிட்டான். சரியான அளவில், துள்ளினால் அசையாததாக, ஆனால் இழுத்து மூச்சு விட முடிவதாகப் பார்த்து வாங்கினோம். போட்டுப் பார்க்கும் அறையிலேயே பத்து முறை குதித்துப் பார் என்றேன். உள்ளே குதிக்கும் சத்தம் கேட்டு அந்தக் கடை அக்கா சிரித்துவிட்டார். ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு வாங்கினேன். ஓடுவதற்கு ஷூ வாங்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். பெண் பிள்ளைக்கு இதுவும் ஷூ மாதிரியான ஒரு கருவிதான் என்று என்னிடம் வரும் அம்மாக்களில் பத்தில் ஒருவருக்காவது தெரிந்தால் நான் சந்தோஷப்படுவேன்.

தங்கை முதலில் முகம் சுளித்தாள். “ஷால் இல்லாம நாலு பேர் பார்க்க ஓடுவாளாக்கா?” என்றாள். “செலக்‌ஷன் நடக்கிற இடத்தில ஷாலோட ஓட விடுவாங்களான்னு உன் மாப்பிள்ளை வீட்டுல கேட்டுச் சொல்லு” என்றேன். அக்காவுக்கு இந்த அளவு கோபப்பட உரிமை உண்டு. மறுநாள் காலை அவளே மைதானத்துக்கு வந்து, சுவருக்கும் ஓடுபாதைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பையன்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு நாளில் சுவர் காலியானது.

அந்த வாரம் எடுத்த வீடியோவில் பாப்பாவின் கழுத்து தெரிந்தது. அதற்கு முன்னால் எடுத்த எதிலும் தோளுக்குள் புதைந்திருந்த கழுத்து.

இன்னொன்று. ஐந்தாவது வாரம் நேரம் குறையாமல் 8:48-லேயே நின்றது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8. அவளுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைத் தூக்கிச் செல்ல ரத்தத்தில் ஆள் இல்லாதபோது எந்தக் காலடியும் உதவாது. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் போட்டாள். டீயை மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒதுக்கினோம். உங்கள் வீட்டுப் பெண் ஓடும்போது இரைத்தால், சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அவளிடம் நான் தொடாமல் விட்டதும் உண்டு. வலது பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பி விழும். ஓடும்போது வாயை ஒரு பக்கம் கோணிக்கொள்வாள். தங்கை, “அதையும் சரி பண்ணுக்கா, பார்க்க நல்லாயில்ல” என்றாள். பார்க்க நன்றாக இருப்பதற்கா ஓடுகிறோம்? செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக் ஓடுவதைப் பழைய படங்களில் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, நாக்கு வெளியே தள்ளி, யாரோ கத்தியால் குத்தியது போல் முகம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் அவருக்குத்தான். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி இடது கையை மடக்கி வைத்தே ஓடுவார். சின்ன வயதில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பள்ளிக்குத் தினமும் 10 கிலோமீட்டர் ஓடிய பழக்கம். 1996, 2000 இரண்டு ஒலிம்பிக்கிலும் 10,000 மீட்டர் தங்கத்தை அந்தக் கையோடுதான் வாங்கினார். வலிக்காத, வேகத்தைத் தடுக்காத கோணல் அவரவர் சொத்து. அதை நேராக்கப் போனால் வேறெங்காவது கோணும்.

கடைசி நான்கு வாரம் நடந்தது வெறும் உழைப்பு. எட்டுச் சுற்றை 8:30-ல் முடிக்க ஒரு சுற்றுக்கு 64 விநாடிக்குள் இருக்க வேண்டும். எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: முதல் சுற்று 54 விநாடியில் பறப்பது, ஆறாவது சுற்றில் 73-க்கு விழுவது. அதனால் முதல் இரண்டு சுற்றை 62-க்குக் குறையாமல் ஓட வைத்தேன். அடக்கி ஓடுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. மற்ற நாட்களில் 400 மீட்டர் வீதம் ஆறு முறை, நடுவே இரண்டு நிமிட நடை. ஐந்தாவது, ஆறாவது முறை ஓடும்போது மட்டும் நான் எண்ணுவேன். களைக்கும்போதுதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். கால் நீளும், எண்ணிக்கை 40-க்கு இறங்கும், தலை அண்ணாந்துவிடும். “வேகமா!” என்று நான் கத்துவதில்லை. “எண்ணு” என்று மட்டும் சொல்வேன். அவளும் மனதுக்குள் எண்ணுவாள். எண்ண ஆரம்பித்தால் கால் திரும்ப வரிசைக்கு வந்துவிடும். களைப்பை நினைக்கவும் நேரம் இருக்காது. கணிதம் படித்ததற்கு அப்படி ஒரு பலன்.

தேர்வுக்கு எட்டு நாள் முன்பு, மைதானத்தில் 8:21.

35 விநாடி எதிர்பார்த்தோம், 44 குறைந்திருந்தது. இதில் காலடிக்கு எவ்வளவு, இரும்பு மாத்திரைக்கு எவ்வளவு, கண்மாய்க்கரைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. அந்தக் கடையில் வாங்கிய ஐந்நூறு ரூபாய்ச் சாமானுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

தேர்வுக்கு அவள் அப்பாதான் கூட்டிப் போனார். நான் பள்ளியில் இருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கணக்கு வாத்தியார் பீரியடு கேட்டு வந்தார், கொடுத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது.

“என்னாச்சு?”

“விசில் அடிக்கும்போது நான் தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன் பெரிம்மா.”

பின்னால் அவள் அப்பா யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பாப்பா ஓடும்போது அவர் வெளியே கேட்டுக்கு அருகிலேயே நின்றாராம். உள்ளே எதுவும் தெரியாது. ஆனாலும் நகரவில்லையாம்.

வேலை இன்னும் கையில் வரவில்லை. மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, அதன் பிறகு எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் இறுதிப் பட்டியல். சாத்தூர் இடத்துக்கு, ரிசல்ட் வரட்டும் என்று மாப்பிள்ளையே சொல்லி அனுப்பிவிட்டார். பாப்பா தினமும் காலையில் வந்து ஓடிவிட்டுப் போகிறாள்.

இப்போது அவளோடு இன்னும் இரண்டு பெண்கள் வருகிறார்கள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார்களாம். ஒருத்திக்கு நேற்று எண்ணினேன், 38. காலை அப்படி நீட்டிப் போடுகிறாள். இன்னொருத்தி பின் குத்திய ஷாலோடு ஓடுகிறாள். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும்.